நனைந்த பெட்டி, இரண்டு சின்னங்கள்: பெய்ரூட் முகாம் ஒன்றில் பழைய சுவரொட்டிகளைக் காத்த நிகழ்வு ஆய்வு

லெபனானில் பெய்ரூட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு பாலஸ்தீன அகதி முகாமில் 2018 இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டு முழுக்க நடந்தது இது. முகாமின் பெயரும் இயக்கங்களின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் விடப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ளவர்கள் படித்தால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தடுக்க முடியாது.

பின்னணி

லெபனானில் அங்கீகரிக்கப்பட்ட பாலஸ்தீன முகாம்கள் 12. நவம்பர் 1969இல் ஏற்பட்ட கெய்ரோ ஒப்பந்தத்துக்குப் பிறகு முகாம்களின் நிர்வாகம் பாலஸ்தீன இயக்கங்களின் கைக்கு வந்தது. அதிலிருந்து 1982இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் பெய்ரூட்டை விட்டு வெளியேறும் வரையிலான காலத்தில்தான் அங்கே சுவரொட்டிக் கலை உச்சத்தில் இருந்தது. அரபு உலகின் பெரிய அச்சுத் தொழில் நகரமாக பெய்ரூட் இருந்ததால் நல்ல அச்சகங்களுக்குக் குறைவில்லை. விடுதலை இயக்கத்தின் கலைப் பிரிவை 1965 முதல் நடத்தியவர் ஓவியர் இஸ்மாயில் ஷம்மூத். 1948இல் லித்தா நகரிலிருந்து விரட்டப்பட்டு காஸாவின் கான் யூனிஸ் முகாமில் தஞ்சம் புகுந்தவர். அது தவிர அதன் குடையின் கீழ் இருந்த ஒவ்வொரு இயக்கத்துக்கும் சொந்தப் பிரசாரப் பிரிவு, சொந்த ஓவியர்கள். மார்ச் 1978இல் பெய்ரூட் அரபுப் பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீனத்துக்கான சர்வதேச ஓவியக் கண்காட்சி நடந்தபோது 30 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 படைப்புகள் வந்தன. அந்த அளவுக்குத் தொடர்புகள் இருந்தன.

முகாம்களுக்குள் சுவரில் வரைவது அதற்கும் முந்தைய பழக்கம். ஹன்தலா என்ற வெறுங்கால் சிறுவனைப் படைத்த கேலிச்சித்திரக்காரர் நாஜி அல் அலி, தென் லெபனானின் ஐன் அல் ஹில்வே முகாமின் சுவர்களில் வரைந்து பழகியவர்தான்.

1982இல் இஸ்ரேலியப் படையெடுப்போடு எல்லாம் சிதறியது. பெய்ரூட்டில் இருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூலகத்தையும் ஆவணங்களையும் இஸ்ரேலிய ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தோடு அவை அல்ஜீரியாவுக்குத் திரும்பி வந்தன. ஆனால் பெய்ரூட்டுக்கு வரவில்லை. விடுதலை இயக்கத்தின் திரைப்படக் காப்பகம் காணாமலே போனது. முகாம் வீடுகளில் பலர் கைதுக்குப் பயந்து தாள்களையும் புகைப்படங்களையும் எரித்தார்கள், புதைத்தார்கள். பிறகு 1985 முதல் 1988 வரை முகாம் போர் என்று சொல்லப்படும் முற்றுகை. ஆகவே எழுபதுகளின் அசல் சுவரொட்டி ஒன்று முகாமுக்குள்ளேயே ஒரு வீட்டில் கிடைப்பது அபூர்வம். பல்கலைக்கழக நூலகங்களிலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடமும் இருக்கிறது, ஒட்டப்பட்ட இடத்தில்தான் இல்லை.

பெட்டி வந்த விதம்

முகாமின் இளைஞர் மையம் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கொண்டது. ஒன்றில் நூலகம், இன்னொன்றில் கணினி வகுப்பு. ஒருங்கிணைப்பாளர் முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண், முப்பதுகளில் இருப்பவர். அவரோடு புகைப்படத்தில் ஆர்வமுள்ள இரண்டு இளைஞர்கள். வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் மட்டும்: நகரத்து நூலகம் ஒன்றில் தாள் பராமரிப்பு வேலை பார்த்தவர், விடுமுறை நாட்களில் வருவார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு பையன் தன் பாட்டியின் இரும்புப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பாட்டியை எல்லோரும் ஹஜ்ஜா என்றுதான் அழைப்பார்கள். அவருடைய கணவர் எழுபதுகளில் பெய்ரூட் அச்சகம் ஒன்றில் மெஷின் உதவியாளராக இருந்தவர். அச்சடித்து மிஞ்சிய தாள்களை வீட்டுக்கு எடுத்து வருவார். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அந்த வருடம் மேல்தளத்துத் தண்ணீர்க் குழாய் கசிந்து சுவர் வழியாக இறங்கி, பெட்டிக்குள் புகுந்துவிட்டது. காயவைத்துத் தர முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். காப்பகம், கண்காட்சி என்ற பேச்சே அப்போது இல்லை.

திறந்தபோது கண்டவை

ஐம்பது அறுபது தாள்கள் இருக்கும். மேலே இருந்தவை ஈரக்காற்றில் நெளிந்திருந்தன, அவ்வளவே. நடுவில் இருந்தவை நன்றாக நனைந்திருந்தன. அடியில் இருந்தவை பலகை போல இறுகிக் கிடந்தன. ஏதோ ஒரு பழைய மழையில் நனைந்து, யாரும் பார்க்காமல் காய்ந்தவை அவை.

சிக்கல் தாளின் வகையில் இருந்தது. ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்ட சொரசொரப்பான தாள்கள் நனைந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஆஃப்செட்டில் அடித்தவை பளபளக்கும் ஆர்ட் பேப்பர். அதன் மேலே வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்தால் பூச்சு இளகும், ஒன்றோடொன்று அழுந்திய நிலையில் காய்ந்தால் இரண்டு தாளும் ஒன்றாகிவிடும். பிறகு பிரித்தால் படம் எதிர்த் தாளோடு போய்விடும். எனவே, ஈரமாக இருக்கும் இந்தச் சில மணி நேரம்தான் அவகாசம்.

முதல் முடிவு: காயவிடாமல் பிரிப்பது

வழக்கமான வழி உறைய வைப்பது. உறைந்த தாள் அப்படியே நிற்கும், பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம். கோழிக்கடைக்காரர் தன் ஃப்ரீசரில் பாதியைக் காலி செய்து தர முன்வந்தார். ஆனால் முகாமில் அரசு மின்சாரம் வந்து வந்து போகும், மீதி நேரம் ஜெனரேட்டர்காரர் தயவு. பாதி உறைந்து, இளகி, மறுபடி உறைந்தால் நிலைமை இன்னும் மோசம். தாள் பராமரிப்பாளர் வேண்டாம் என்றார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன், இருந்தாலும் கோழிக்கடைக்காரருக்கு வருத்தம்தான்.

அன்றிரவே பிரிக்கத் தொடங்கினார்கள். தொடுவதற்கு முன் அடுக்கை மேலிருந்தும் நான்கு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்தார்கள், எந்தத் தாள் எதற்கு மேல் இருந்தது என்பதும் தகவல் என்பதால். அலுவலகத்தில் மிஞ்சியிருந்த ஓ.எச்.பி. பிளாஸ்டிக் தாளை ஈரத் தாளின் மேல் விரித்து, லேசாகத் தேய்த்து ஒட்டவைத்து, மூலையைப் பிடித்து இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் கீழே உள்ளது கிழியாமல் பிரியும். காய்ந்துவரும் விளிம்புகளுக்கு மட்டும் தெளிப்பானில் தண்ணீர். பிரித்தவற்றைக் கணினி மேசைகளின் மேல் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் காகிதம் விரித்துப் பரப்பினார்கள். மறுநாள் வகுப்பு நடக்கவில்லை.

நடு அடுக்கில் பெரும்பாலானவை பிழைத்தன. சிலவற்றில் மேற்பரப்பு உரிந்து, எழுத்து தலைகீழாக அடுத்த தாளின் முதுகில் பதிந்துபோனது. அடியில் இருந்த கட்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து அப்படியே சுற்றி வைத்தார்கள். அதன் விளிம்பில் வண்ணக் கோடுகள் மட்டும் தெரிகின்றன.

தாள்களில் இருந்தவை

காய்ந்த பிறகுதான் நிதானமாகப் பார்த்தார்கள். 1968 மார்ச் 21 அன்று ஜோர்டானில் இஸ்ரேலிய ராணுவத்தோடு நடந்த கராமே போரின் ஆண்டு நினைவு, 1976 மார்ச் 30 நில தினத்தில் நிலப் பறிப்பை எதிர்த்துக் கொல்லப்பட்ட ஆறு பேருக்கான நினைவு, இயக்கங்களின் தொடக்க நாள்கள், சிறைக்கைதிகள் தினம். ஸ்லிமான் மன்சூரின் புகழ்பெற்ற ஓவியத்தின் அச்சும் ஒன்று இருந்தது: ஜெருசலேம் நகரத்தையே முதுகில் சுமந்து, கயிற்றை நெற்றியில் தாங்கி நடக்கும் கிழவர். அது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கிய படம்.

இந்தக் குவியலில் ஒரு மாற்றம் துலக்கமாகத் தெரிந்தது. பழையவற்றில் முகம் இல்லை. கெஃபியே என்ற கட்டம் போட்ட துணி சுற்றிய தலை, கலாஷ்னிகோவ், சூரியன், ஆலிவ் கிளை, பூவேலை செய்த உடை அணிந்த பெண். யாருமாக இருக்கலாம். எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு புகைப்படமும் பெயரும் தேதியும் வருகின்றன. இன்றைய முகாம் சுவர்களில் இருப்பது முழுக்க இந்த இரண்டாவது வகை: டிஜிட்டல் அச்சில் ஒரு முகம், பின்னால் ஜெருசலேமின் பொற்குவிமாடமான குப்பத்துஸ் ஸக்ரா, மூலையில் இயக்கக் கொடி. ஓவியர்களும் நிதியும் 1982இல் போனது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எண்ணிக்கை என்பது என் கணிப்பு. முற்றுகையில் ஒவ்வொரு சந்திலும் ஆட்கள் செத்தபோது, எல்லோருக்கும் பொதுவான ஒரு வீரனின் படம் எந்த வீட்டுக்கும் போதவில்லை.

குழு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒரு தாளை. அது சுவரொட்டியே இல்லை, மெஷினில் மை சரிபார்க்க ஓட்டிய வேஸ்ட் தாள். அதன் மேல் சிவப்புச் சூரியனும் பச்சை வயலும் விழுந்திருக்கின்றன, கறுப்பு ஓடவே இல்லை. அதனால் வயலின் நடுவே போராளி நிற்க வேண்டிய இடம் வெள்ளையாக, ஆள் வடிவத்தில் காலியாக இருக்கிறது. அதே தாளைத் திருப்பிப் போட்டு இன்னொரு வேலைக்கும் ஓட்டியிருக்கிறார்கள். முதுகில் இருப்பது போட்டி இயக்கத்தின் வாசகம். தெருவில் ஒருவர் சுவரொட்டி மேல் இன்னொருவர் ஒட்டிச் சண்டை போட்ட காலத்தில் இருவருக்கும் ஒரே அச்சகம், ஒரே மெஷின். இது எந்தக் காப்பகத்தின் பட்டியலிலும் தெரியாது. அச்சகத்துக் குப்பையில்தான் தெரியும்.

அன்றே இரண்டு பக்கமும் படம் எடுப்பது என்ற விதியை வைத்தார்கள். பெரிய ஸ்கேனர் கிடையாது. மேசைக்கு மேலே கேமராவைக் கவிழ்த்துக் கட்டி, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, ஓரத்தில் வண்ண அட்டையும் அளவுகோலும் வைத்து எடுத்தார்கள். செலோடேப் கறையை அகற்ற முயலவில்லை. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை மட்டும் எடுத்தார்கள்.

ஒரே முகம், இரண்டு சின்னங்கள்

இந்த ஆய்வை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

குவியலில் ஒரே இளைஞனின் இரண்டு சுவரொட்டிகள் இருந்தன. இரண்டிலும் அதே பெயர், 1976இல் தல் அல் ஸாத்தரில் இறந்ததாக அதே ஆண்டு, அதே அடையாள அட்டைப் புகைப்படம். ஆனால் ஒன்றில் ஓர் இயக்கத்தின் சின்னம், மற்றதில் இன்னொன்றின் சின்னம். ஒன்றில் அவர் கோட்டு அணிந்திருக்கிறார். மற்றதில் அந்தக் கோட்டின் மேலேயே தூரிகையால் ராணுவச் சட்டை தீட்டியிருக்கிறார்கள். கிட்டப் பார்த்தால் காலருக்கு அடியில் பழைய கோட்டின் விளிம்பு தெரிகிறது.

தல் அல் ஸாத்தர் கிழக்கு பெய்ரூட்டில் இருந்த முகாம். லெபனான் உள்நாட்டுப் போரில் நீண்ட முற்றுகைக்குப் பின் 1976 ஆகஸ்ட் 12 அன்று வீழ்ந்தது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். தண்ணீர் எடுக்கப் போனவர்கள் குழாயடியிலேயே சுடப்பட்டார்கள். தப்பியவர்களில் பலர் தாமூரில் குடியேற்றப்பட்டு, 1982க்குப் பின் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று அந்த இளைஞனுடையது. குடும்பப் பெயரைப் பார்த்ததும் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்துவிட்டது: இறந்த இளைஞனின் தங்கை இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறார்.

ஷஹீத் (தியாகி) என்ற சொல் அங்கே ஆயுதம் ஏந்தியவருக்கு மட்டும் உரியதல்ல, குண்டில் செத்த குழந்தைக்கும் உண்டு. ஆகவே சுவரொட்டி வந்ததை வைத்து அவர் போராளி என்று சொல்ல முடியாது. இறந்தவரைத் தம்மவர் என்று சொல்லிக்கொள்ள இயக்கங்கள் போட்டி போட்டதும் உண்டு. யார் முதலில் ஒட்டுகிறார்களோ அவர்கள் கணக்கில் ஒரு தியாகி.

இதற்குள் பெட்டியின் செய்தி பரவிவிட்டது. 1948இல் பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டதை நினைவுகூரும் மே 15 நக்பா தினத்தை ஒட்டி ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஓர் இயக்கத்தின் உள்ளூர் அலுவலகம், தங்கள் சின்னம் உள்ளதை மட்டும் வைக்கச் சொன்னது, நாற்காலியும் ஒலிபெருக்கியும் தருவதாகவும் சொன்னது. மற்ற இயக்கம் ஒன்றும் சொல்லவில்லை. இளைஞர்கள் இருவரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவோம், பார்ப்பவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அதுதான் சுவாரசியமான யோசனையாகத் தோன்றும். ஒருங்கிணைப்பாளர் மறுத்தார். தங்கை தினமும் அந்த வழியாகத்தான் ரொட்டி வாங்கப் போகிறார், அவரிடம் சொல்லாமல் அண்ணனின் முகத்தை இரண்டு முறை சுவரில் மாட்ட முடியாது என்றார்.

தங்கை சொன்னது இது. அண்ணன் பேக்கரியில் வேலை பார்த்தவர், ஒரு இயக்கத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு விலகியவர். தண்ணீர் எடுக்கப் போனபோது இறந்தார். சட்டை தீட்டிய படத்தை அம்மா தன் கடைசிக் காலம் வரை வீட்டுக்குள் விடவில்லை. தங்கையின் மகனுக்கோ அந்தப் படம்தான் பிடித்திருந்தது. மாமா போராளியாக இருந்தார் என்றே கேட்டு வளர்ந்தவர். தங்கையும் மகனும் ஒருங்கிணைப்பாளர் முன்னாலேயே வாக்குவாதம் செய்தார்கள்.

எடுத்த முடிவு: குடும்பம் ஒத்துக்கொள்ளும் வரை இரண்டும் காட்சிக்கு வராது. படக்கோப்புகள் பூட்டி வைக்கப்படும். பட்டியலில் சுவரொட்டி என்ன சொல்கிறது என்பது ஒரு பத்தி, குடும்பம் என்ன சொல்கிறது என்பது இன்னொரு பத்தி. எது உண்மை என்று மையம் தீர்ப்பு எழுதாது.

இதோடு முடிந்திருக்கும். சில வாரம் கழித்து தங்கை தானாகவே வந்தார். முத்திரையின் கால்வட்டம் மூலையில் பதிந்த அசல் அடையாள அட்டைப் புகைப்படத்தைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு சுவரொட்டிகளையும் வையுங்கள், நடுவில் இதை வையுங்கள், இவர் ரொட்டி சுட்டவர் என்று எழுதுங்கள் என்றார். மகனும் கூடவே வந்திருந்தார், எதிர்க்கவில்லை. அப்படியே வைத்தார்கள். இயக்க அலுவலகம் நாற்காலியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திருமண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிச் சமாளித்தார்கள்.

சந்துச் சுவர்

இதே சமயத்தில் இளைஞர்கள் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். மையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஆண்டுக்கணக்காக ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, சுவரொட்டிகள் தடித்த தோலாகப் படிந்திருந்தன. ஓரங்களில் மைதா பசை உரிந்து அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒரு துண்டை வெட்டி எடுத்து, நீராவியில் அடுக்குகளைப் பிரித்தால் பல ஆண்டுகளின் வரலாறு கிடைக்கும் என்றார்கள். தாள் பராமரிப்பாளருக்கும் ஆசை இருந்தது.

மேல் அடுக்கில் இருந்த படம், சந்தில் தொங்கும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உரசி மின்சாரம் தாக்கி இறந்த ஒரு பையனுடையது. முகாமில் இப்படிச் சாவது புதிதல்ல. அவன் அம்மா எதிர்வீட்டில் இருந்தார். கேட்டபோது, கீழே இருப்பதை எடுக்க இவனைக் கிழிக்க வேண்டுமா என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சுவரைத் தொடுவதில்லை, ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு முறை படம் எடுப்பது என்று முடிவானது.

பிறகு நடந்தவை

கண்காட்சி ஒரு வாரம் நடந்தது. வந்தவர்கள் ஓவிய அழகைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு தாளிலும் பெயர்களைத் தேடினார்கள், தேதியைத் திருத்தினார்கள், இவர் எங்கள் சந்து என்றார்கள். பட்டியலில் குடும்பங்களுக்கான அந்த இரண்டாவது பத்தி பாதிக்கு மேல் அந்த வாரத்தில்தான் நிரம்பியது.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றும் திட்டம் பாதியில் நின்றது. சிறைக்கைதிகளுக்கான சுவரொட்டி ஒன்றில் இருந்தவர் உயிரோடு இருக்கிறார். பேரனுக்கு ஐரோப்பிய விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, என் முகமும் பெயரும் அந்தக் கொடியோடு இணையத்தில் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதன்பின் முகமும் பெயரும் இல்லாத தாள்கள் மட்டும் பொதுவில் வைக்கப்பட்டன. மீதி, மையத்துக்கு நேரில் வந்தால் பார்க்கலாம்.

சந்துச் சுவர் தப்பவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் முகாமை அழகுபடுத்தும் திட்டத்தில் அந்தச் சந்துச் சுவரைச் சுரண்டி, பூசி, வண்ணம் அடித்து, பூக்களும் பறவைகளும் வரைந்துவிட்டது. அந்தப் பையனின் படத்தையும் சேர்த்து. அம்மா புதிதாக ஒன்று அச்சடித்துப் பறவைகளின் மேலேயே ஒட்டினார்.

2019 அக்டோபருக்குப் பின் லெபனானின் பொருளாதாரம் சரிந்தது. ஜெனரேட்டர் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போனது. ஈரம் உறிஞ்சும் மின்கருவியை நிறுத்திவிட்டு, தாள்களை அட்டை உறைகளில் போட்டு, செங்கல் மேல் உயர்த்திய அலமாரிக்கு மாற்றினார்கள். படக்கோப்புகளின் நகல் மூன்று இடங்களில் இருக்கிறது, ஒன்று முகாமுக்கு வெளியே.

மாற்ற வேண்டியவை

குழுவோடு பேசியதில் வந்தவை, என் கருத்தும் கலந்தது.

முகம் உள்ள தாளையும் முகம் இல்லாத தாளையும் முதல் நாளே இரண்டாகப் பிரித்திருக்கலாம். முதலாவதுக்குக் குடும்பத்தைத் தேடும் வேலை உண்டு, இரண்டாவதுக்கு இல்லை. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் ஓட்டியதால் இணையத் திட்டம் நடுவழியில் நின்றது.

சந்துச் சுவரைத் தொடாமல் விட்டது சரி. ஆனால் அது முக்கியமான சுவர் என்று முகாமின் மக்கள் குழுவிடம் எழுத்தில் தெரிவித்திருந்தால், பூச்சு வேலைக்கு அனுமதி தரும்போது யாராவது கேட்டிருப்பார்கள். மாதப் படங்களை நேர் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தார்கள். பக்கவாட்டு வெளிச்சத்திலும் எடுத்திருந்தால் அடுக்குகளின் மேடு பள்ளமாவது பதிவாகியிருக்கும்.

ஹஜ்ஜாவிடம் பெட்டியை வாங்கியபோது எழுத்து எதுவும் இல்லை. அவர் காயவைக்கக் கொடுத்தார், மையம் காப்பகமாக்கிவிட்டது. அவருக்கு அதில் மகிழ்ச்சிதான், ஆனால் அவருக்குப் பிறகு யார் கேட்டாலும் பதில் இருக்காது. பின்னர் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்: அசல் தாள்கள் குடும்பத்துக்குச் சொந்தம், மையம் பாதுகாக்கும் பொறுப்பில் மட்டும் இருக்கும், மையம் மூடப்பட்டால் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பும். அடியில் இறுகிய கட்டியை எப்போதாவது ஆய்வகத்தில் பிரிக்க வாய்ப்பு வந்தால் முதலில் பேரனிடம் கேட்க வேண்டும் என்பதையும் ஹஜ்ஜா சொல்லிச் சேர்க்கவைத்தார்.